நான்காவது கண்ணாடி

1

இந்தக் கதை பிறந்த இடம் என் கீழ்த்தாடை. இடப்பக்கம், கடைசிக்கு முந்தின பல். இதைவிடக் கௌரவமான பிறப்பிடம் ஒன்றைச் சொல்லலாமா என்று பார்த்தேன். மனம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். கன்னத்துக்குள் இரண்டு பஞ்சு உருளைகள், உதட்டோரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய். "வலிக்காது" என்றார் டாக்டர். வலித்தது. கண்ணில் நீர் முட்டியதை அவர் பார்க்காத மாதிரி திரும்பி, கருவிப் பெட்டியைத் திறந்தார். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடிகள், நீளக் காம்பும் நுனியில் கோட்டுப் பொத்தான் அளவு வட்டமுமாக, நான்கு இருக்க வேண்டிய பெட்டியில் மூன்றுதான் இருந்தன.

"ஐயோ" என்றார் டாக்டர்.

வாயைத் திறந்து வைத்திருப்பவன் காதில் ஒரு பல் டாக்டர் சொல்லக் கூடாத வார்த்தை அது. நான் பதறியதைக் கண்டு, "உங்க பல்லு இல்லைங்க, என் ஏரோப்ளேன்" என்றார். பிறகு என் பல்லைக் குடைந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். திருப்பிப் பேச முடியாத ஆள் கிடைத்தால் மனிதர்கள் எவ்வளவு மனம் திறக்கிறார்கள்! கடைசியில் கேட்டார்: "நீங்களே சொல்லுங்க. நான் சொல்லிடணுமா, வேண்டாமா?"

நான் "ஆ" என்றேன். பஞ்சை வெளியே எடுத்துக் கொப்பளித்து முடிப்பதற்குள் அடுத்த ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். அன்று சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

நீல வானில் ஒரு பறவையைப் போல அந்தச் சிறிய விமானம்— (வேண்டாம். அதன் வயிற்றில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை ஒருநாள் துடைத்தவர் யாரும் அதைப் பறவை என்று சொல்லமாட்டார்.)

இயந்திரத்துக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு என்பது— (இது கட்டுரை. யாராவது கேட்டால் தனியாகத் தரலாம்.)

போகட்டும். நேராகவே தொடங்குகிறேன். டாக்டரிடம் ஒரு விமானம் இருந்தது.*

* உடனே மாளிகை, மார்பிள் தரை என்று கற்பனை ஓட வேண்டாம். நாலு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம். இரண்டு பேர் கை மாறி வந்தது. டாக்டரின் மகளைவிட வயதில் மூத்தது. கிழிந்த இருக்கையை, ஈறு தைக்கும் நூலால் அவரே தைத்திருக்கிறார். ஓய்வு நாள் முழுக்க அதன் பக்கத்திலேயே கிடப்பதால் அவர் மனைவி அதற்கு வைத்த பெயர் சக்களத்தி.

அந்த மனைவியை எனக்குத் தெரியும். முன்னறையில் உட்கார்ந்து பெயர் எழுதுபவர் அவர்தான். உள்ளே போகிறவர்களிடம் தாழ்ந்த குரலில், "வலிக்காதுன்னு சொல்வார். வலிக்கும். ஆனா சீக்கிரம் முடிஞ்சிரும்" என்று சொல்லி அனுப்புவார். பதினோரு வருடமாக அவர் அந்த விமானத்தில் ஏறியதில்லை. "வா, ஒண்ணும் ஆகாது" என்று டாக்டர் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறார். வலிக்காது என்று நாள் முழுக்கச் சொல்லும் வாயால் சொல்லப்பட்ட 'ஒண்ணும் ஆகாது' அது. யார் நம்புவார்கள்?

இந்த மாதம்தான் மனைவி இறங்கி வந்தார். மலைக்கு அந்தப் பக்கம் மகள் புது வீடு கட்டிப் போயிருக்கிறாள். சாலை வழியாக ஒன்பது மணி நேரம். அவர் இடுப்புக்கு அது ஆகாது. விமானத்தில் ஐம்பது நிமிடம். "சரி, வர்றேன். ஒரே ஒரு தடவைதான். மறுபடி கேக்காதீங்க" என்றார். மகள் வீட்டு ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்து மடித்து வைத்துவிட்டார். பயணம் ஞாயிற்றுக்கிழமை.

3

மெக்கானிக்கை முதல் பிரதியில் மீசை வைத்த முரட்டு ஆளாக எழுதினேன். இரண்டு பக்கம் உறுமிவிட்டு அவர் தூங்கிப் போனார். உண்மையில் மெக்கானிக், டாக்டரின் மனைவிக்குத் தங்கை. உண்மையை எதற்கு மாற்றினேன் என்று எனக்கே விளங்கவில்லை. மச்சினி திட்டுவதில் இருக்கும் சுவை மீசைக்காரர் திட்டுவதில் வருமா?

வருடத்துக்கு ஒருமுறை விமானத்தை மொத்தமாகத் திறந்து பார்க்க வேண்டும். மூடித் தகடுகளைக் கழற்றி, கம்பி வடங்களைத் தடவி, பிளக்குகளைத் துடைத்து, பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து உள்ளே இரும்புத் துகள் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு வாரம் ஓடிவிடும். டாக்டர் எடுபிடி. மெக்கானிக் சொன்னதை மட்டும் தொடலாம்.

"அத்தான், அங்க என்ன பண்றீங்க?"

"சும்மா பாத்தேன்மா."

"எங்க பாத்தாலும் சொத்தை தேடாதீங்க. கைய எடுங்க."

அவள் கொட்டகையில் ஒரு சட்டம் உண்டு. சுவரில் பெரிய பலகை. அதில் ஒவ்வொரு கருவியின் உருவமும் சிவப்புச் சாயத்தில் வரைந்திருக்கும். ஸ்பேனருக்கு ஸ்பேனர் உருவம், டார்ச்சுக்கு டார்ச் உருவம். வேலை முடிந்ததும் எல்லாக் கருவியும் தன் உருவத்தின் மேல் தொங்க வேண்டும். எங்காவது சிவப்பு தெரிந்தால், அந்தக் கருவி விமானத்துக்குள் கிடக்கிறது என்று பொருள். அது கிடைக்கும்வரை விமானம் நகராது. உள்ளே உருளும் ஒரு சிறு பொருள் கப்பியில் சிக்கினால் போதும், மூக்கைத் தூக்கும் வடம் நின்றுவிடும்.

புதன்கிழமை மாலை பலகையில் ஒரு பொட்டுச் சிவப்பும் இல்லை. மெக்கானிக் இரண்டு முறை பார்த்துவிட்டு, பறக்கலாம் என்று பதிவேட்டில் கையெழுத்திட்டாள்.

ஆனால் வால் பக்கத்தில் ஒரு கப்பியின் பின்புறம் தெரியவில்லை என்று டாக்டர், முப்பது வருடப் பழக்கத்தில், சட்டைப் பையிலிருந்து தன் பல் கண்ணாடியை எடுத்து நீட்டிப் பார்த்திருந்தார். அதைத் திரும்ப எடுத்த நினைவு அவருக்கு இல்லை. அதற்குப் பலகையில் உருவம் கிடையாது. பல் டாக்டர் தவிர வேறு யாரும் செய்யக்கூடிய தவறா இது?

4

இனி என்ன செய்வார்? எனக்கு முன்னால் இருக்கும் வழிகள்:

ஒன்று. சொல்லாமல் பறக்கிறார். வடம் சிக்குகிறது. (பேனாவை மூடிவிட்டேன். திரைச்சீலை தைத்து வைத்திருக்கும் பெண்ணை என்னால் கொல்ல முடியாது. கோழை என்று சொல்லுங்கள், பரவாயில்லை.)

இரண்டு. சொல்லாமல் பறக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. நடக்க அதிக வாய்ப்புள்ளது இதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐம்பது நிமிடமும் அவர் முகத்தில் ஓடும் பீதியைப் பக்கத்திலிருந்து மனைவி பார்த்துக்கொண்டே வருவார். அதன் பிறகு அவர்கள் வீட்டில் 'ஒண்ணும் ஆகாது' என்ற சொல் நிரந்தரமாகச் செத்துவிடும்.

மூன்று. கண்ணாடி டாக்டரின் கோட்டிலேயே இருக்கிறது. (சீ.)

நான்கைத்தான் எழுதப் போகிறேன்.

5

அதே வியாழக்கிழமை, பகல் ஒரு மணி. முன்னறை காலி. மனைவி நாளைய பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள். டாக்டர் எதிரில், நோயாளிகளின் நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

"ஞாயித்துக்கிழமை போக முடியாது போலிருக்கு."

"ஏன், மழையா?"

எவ்வளவு வசதியான கேள்வி! ஆமாம் என்றால் முடிந்தது. (எழுதும் எனக்கே கை பரபரத்தது.)

"மழை இல்ல. என் கண்ணாடி ஒண்ண உள்ள விட்டுட்டேன். எந்த இடம்னு தெரியல."

"விட்டா என்ன?"

'ஒண்ணும் ஆகாது' அவர் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அவர் அதை விழுங்கினார்.

"ஆகலாம். வடத்துல சிக்கினா மூக்கைத் தூக்க முடியாது. சிக்காமலும் போகலாம். எனக்குத் தெரியல."

அவள் பேனாவை வைத்தாள். (இந்த இடத்தில் அவள் மனம் நெகிழ்ந்து, கணவன் கையைப் பற்றி— என்று ஒரு பிரதியில் எழுதியிருந்தேன். இவ்வளவு சீக்கிரம் நெகிழ்ந்தால் நானே நம்பமாட்டேன்.)

"பதினோரு வருஷம்! நான் சரின்னு சொன்ன வாரமாப் பாத்தா விடுவீங்க? தங்கச்சி கையெழுத்துப் போட்டிருக்காளே, அவ பேர் என்ன ஆகும்? யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். அதான் சொல்றேன்."

"வேற என்ன இருக்கு, எங்கிட்ட சொல்லாதது?"

"போன வருஷம் முன்சக்கரம் ஆடுச்சு. சரி பண்ணியாச்சு."

"ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன்."

அவள் போனை எடுத்துத் தங்கையின் எண்ணை அழுத்தி அவரிடம் நீட்டினாள். அவர் அவளிடமும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பிறகு மெக்கானிக் சொன்னாள்: "அத்தான், நான் வர்ற வரைக்கும் அது பக்கத்துல போகாதீங்க. தேடுறேன்னு தேடி இன்னொண்ண விட்டுட்டு வருவீங்க."

6

வெள்ளிக்கிழமை காலை, கொட்டகைக் கதவு அகலத் திறந்திருந்தது. மெக்கானிக் முதலில் பதிவேட்டை எடுத்து, தன் கையெழுத்துக்குக் கீழே 'பறக்கக் கூடாது, உள்ளே ஒரு கருவி' என்று எழுதி மறுபடி கையெழுத்திட்டாள். அடுத்து டாக்டரிடம் மீதிக் கண்ணாடிகளில் ஒன்றை வாங்கி, பலகையில் வைத்து, சுற்றி வரைந்து, சிவப்பு பூசினாள். பெரிய ஸ்பேனர்களுக்கு நடுவே அந்தக் குட்டிக் கண்ணாடி உருவம் வெறுமையாக நின்றது.

அக்காவும் வந்திருந்தாள். கழற்றிய திருகுகளைக் கிண்ணம் கிண்ணமாகப் பிரித்து வைத்தாள். கை சும்மா இல்லை, வாயும் சும்மா இல்லை.

"இது கழண்டா என்னடி ஆகும்?"

"காத்து உள்ள வரும். சத்தம் போடும்."

"இது?"

"எறங்கும்போது தூக்கிப் போடும்."

"இது?"

"இது கழண்டா செத்தோம். அதான் ரெண்டு பின் குத்தியிருக்கேன், பாரு."

அக்கா குனிந்து இரண்டு பின்களையும் தொட்டுப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் யாரும் தனக்கு இப்படி விவரம் சொன்னதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. இடுப்பு வலிக்கவே, பக்கத்தில் இருந்த கதவைத் திறந்து இருக்கையில் உட்கார்ந்தாள். சக்களத்திக்குள் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. விரலில் ஒரு தையல் தட்டுப்பட்டது.

"என்னங்க, இது என்ன நூல்?"

"ஈறு தைக்கிறது" என்றது வால் பக்கத்திலிருந்து டாக்டரின் குரல்.

"பிரியாதா?"

"பிரியும். இன்னும் நாலஞ்சு வருஷத்துல."

அவள் முதுகை மெல்லச் சாய்த்துக்கொண்டாள். அதே நேரம், வாலுக்குள் தலையை விட்டிருந்த டாக்டரின் டார்ச் வெளிச்சத்தில், இரண்டு வடங்களுக்கு நடுவே என்னவோ மின்னியது. கையை நீட்டினார். அது—

7

(இங்கே நிறுத்துகிறேன். மின்னியது கண்ணாடியா, வேறு ஏதாவதா, பலகையில் அந்தச் சிவப்பு மறைந்ததா, ஞாயிற்றுக்கிழமை திரைச்சீலைகள் எந்த வழியாகப் போயின, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மேலே உள்ள இரண்டு பகுதிகளும் என் கற்பனை. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். அது அடுத்த வியாழக்கிழமை நடந்தது.)

அன்று முன்னறையில் டாக்டரின் மனைவி என் பெயரை எழுதிவிட்டு, "உள்ள போங்க" என்றார். அவ்வளவுதான். 'வலிக்கும்' என்ற வழக்கமான எச்சரிக்கை இல்லை. எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

நாற்காலியில் மல்லாந்தேன். பஞ்சு வந்தது, குழாய் வந்தது. கருவிப் பெட்டி என் தலைக்குப் பின்னால் எங்கோ திறந்தது. கழுத்தைத் திருப்ப முடியாததால் எண்ண முடியவில்லை. டாக்டர் கண்ணாடியும் கையுமாக என் முகத்துக்கு மேல் குனிந்து, என் கண்ணைப் பார்த்தார்.

"கொஞ்சம் வலிக்கும்" என்றார்.

நான் வாயை நன்றாகத் திறந்தேன்.