மாடிக்கு மாற்றப்பட்டவர்கள்

தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர் என்பதால், முதியோர் இல்லத்தில் அவருக்கு டெலிபோனம்மா என்று பெயர் விழுந்தது. வயது எழுபத்தொன்பது. கணவர் போய்ப் பத்து வருடம். ஒரே மகன் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தான்.

தொற்று பரவத் தொடங்கிய மூன்றாவது வாரம் வராந்தாவின் பதினான்கு கதவுகளையும் மூடினார்கள். சாப்பாடு வாசலுக்கு வந்தது; மனிதர்கள் வரவில்லை. நர்ஸைக் கூப்பிட அறைக்கு ஒரு போன் உண்டு. அதில் மற்ற அறைகளையும் கூப்பிடலாம் என்று டெலிபோனம்மாதான் கண்டுபிடித்தார். காலை டீ முடிந்ததும் வரிசையாக எல்லோரையும் அழைப்பார். ஒன்பதாம் அறையில் இருந்த ஓவிய வாத்தியாரிடம் மட்டும் பேச்சு நீளும்.

"இருக்கீங்களா வாத்தியாரே?"

"இன்னைக்கு வரைக்கும் இருக்கேன்."

"சாப்பிட்டாச்சா?"

"சூப்புன்னு ஒண்ணு குடுத்தாங்க. நான் பிரஷ் கழுவுற தண்ணியே இதைவிடக் கெட்டியா இருக்கும்."

ஒரு புதன்கிழமை ஒன்பதாம் அறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நர்ஸிடம் கேட்டார்.

"அவரை மாடிக்கு மாத்திட்டாங்கம்மா."

மாடியில் துணி துவைக்கும் இயந்திரங்களும் உடைந்த கட்டில்களும்தான் இருந்தன. அதற்கு முன்பே இரண்டு பேர் 'மாடிக்கு'ப் போயிருந்தார்கள். அடுத்த வாரம் இன்னொருவரும் போனார். யாருடைய சாவையும் மற்றவர்களிடம் சொல்லக்கூடாது, பயந்துவிடுவார்கள் என்பது மேலாளரின் உத்தரவு.

டெலிபோனம்மா அழைப்பதை நிறுத்தினார். தலை வாருவதும் நின்றது. தட்டு போனபடியே திரும்பி வந்தது. வாரம் ஒருமுறை மனநல மருத்துவர், நர்ஸ் கொண்டுவரும் கைபேசியின் திரையில் தோன்றித் தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா என்று கேட்பார். இரண்டுக்கும் "ம்" என்று பதில். மகன் கூப்பிட்டபோது, "லைன் சரியில்ல" என்று வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

பத்தாம் நாள் நர்ஸ் அறைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாற்பது வயது. வீட்டுக்குத் தொற்றைக் கொண்டுபோகக் கூடாதென்று இரண்டு மாதமாக இங்கேயே ஸ்டோர் ரூமில் படுத்துக்கொண்டிருந்தவள்.

"ஏம்மா சாப்பிட மாட்டேங்கறீங்க?"

டெலிபோனம்மா சுவரைப் பார்த்தபடி பேசினார். "நீங்க பொய் சொன்னதுல எனக்குக் கோபமில்ல சிஸ்டர். ஆனா சாகலேன்னு நீங்க சொல்ற ஆளுக்காக நான் எப்படி அழறது?"

நர்ஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு உள்ளதைச் சொன்னாள். வாத்தியார் போனது அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை நாலேகாலுக்கு. மூச்சுதான் காரணம். வலி அதிகமில்லை.

"பக்கத்துல யாரு இருந்தா?"

"நான்தான்."

"கையைப் பிடிச்சிருந்தீங்களா?"

"பிடிச்சிருந்தேன். உறை போட்டிருந்தேன்."

"பரவாயில்ல," என்றார் டெலிபோனம்மா. அப்புறம் அழுதார். அன்று சாப்பிடவில்லை. மறுநாள் அரை ரொட்டி சாப்பிட்டார். மற்ற மூவரைப் பற்றியும் கேட்டுக்கொண்டார். "இதை மத்தவங்ககிட்ட நான் சொல்லட்டுமா?" என்றார்.

நர்ஸ் மேலாளரிடம் போனாள்.

"ஏற்கெனவே பயந்து கிடக்காங்க. எரியற கொள்ளியில எண்ணெய ஊத்தணுமா?"

"அவங்களுக்கு எல்லாம் தெரியும் சார். தெரியாத மாதிரி இருந்து இருந்துதான் சாப்பாடும் இறங்காம ஒடிஞ்சு போறாங்க."

மேலாளர் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. டெலிபோனம்மா அன்றே ஆள் இருந்த மற்ற ஒன்பது அறைகளுக்கும் பேசினார். நால்வர் எப்போது போனார்கள், எப்படிப் போனார்கள் என்று ஒரே மாதிரி, நிதானமாகச் சொன்னார். மூன்றாம் அறைக்காரி பாதியிலேயே வைத்துவிட்டு ஒரு வாரம் பேசவில்லை. ஆறாம் அறைக்காரி அழுது முடித்து, "நல்லவேளை. எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றாள். பன்னிரண்டாம் அறையிலிருந்த மில் ஃபோர்மன், "அடுத்தது யாரு?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. இரவெல்லாம் விளக்கணைக்க விடாமல், மருந்து மாற்றும்வரை பாடாய்ப்பட்டார். அதற்குத் தானே காரணம் என்ற உறுத்தல் டெலிபோனம்மாவுக்குக் கடைசிவரை போகவில்லை. மற்றவர்களின் தட்டுகள் மெல்ல மெல்லக் காலியாகத் தொடங்கின.

ஒன்பதாவது மாதம் கதவுகளைத் திறந்தார்கள். முதல் ஞாயிறே மகன் வந்தான். அம்மா இவ்வளவு இளைத்திருப்பார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. உட்காராமலே, "வீட்டுக்குப் போயிடலாம் வாம்மா" என்றான்.

"போகலாம். முதல்ல உட்காரு," என்றார் டெலிபோனம்மா. "உன்கிட்ட நாலு பேரைப் பத்திச் சொல்லணும்."

அரைமணி நேரத்துக்குத்தான் அனுமதி. மகன் உட்கார்ந்தான்.