வாரேன்

கல்கத்தா கார்டன் ரீச் துறைமுகப் பகுதியில் குமாஸ்தாவாக இருந்த வேதமாணிக்கத்துக்கு, வீட்டில் யாராவது புறப்படும்போது "போறேன்" என்றால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். பாளையங்கோட்டைக்காரர்; அவரிடம் "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்ல வேண்டும்.

காசநோயில் கிடந்த அவர் மனைவி கனகமணி, ஞாயிறு காலை ஜெபம் முடிந்ததும் அவர் கையைப் பற்றி, "நான் போறேன்" என்றாள்.

"வாரேன்னு சொல்லு, கனகம்!" அதட்டத்தான் பார்த்தார், கெஞ்சலாகத்தான் வந்தது.

"பொய் சொல்லச் சொல்லாதீங்க. கர்த்தர்கிட்ட போறவ திரும்பி எதுக்கு வரணும்? நீங்கதான் அங்க வரணும்" என்று சிரித்தாள். "மெல்ல வாங்க, அவசரமில்ல."

மதியம் கண்மூடினாள்.

மறுநாள் கல்லறையில் மண்ணிட்டு எல்லோரும் கலைந்தபின், வேதமாணிக்கம் தலைப்பாகையைக் கழற்றிக் குனிந்தார்.

"வாரேன், கனகம்" என்றார்.