காலையில் மட்டும் கோளாறு

அன்று ஆஸ்பத்திரி ஈசிஜி அறையில் இருந்தவர்கள்: நான், என்னைவிட மூத்த டெக்னீஷியன் அக்கா, மெஷின் ரிப்பேர்காரர், அவர் மாற்றாகக் கொண்டுவந்திருந்த புது ஈசிஜி மெஷின். பழைய மெஷின் மூலையில் தரையில் கிடந்தது.

பழையதற்கு ஒரு வியாதி. காலையில் மட்டும் கோளாறு பண்ணும். நோயாளிகள் வருமுன் யாரையாவது படுக்கவைத்து ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். படுப்பது எப்போதும் நான்தான். ஒல்லி உடம்பு, நெஞ்சில் முடி கிடையாது, ரப்பர் குமிழ்கள் அட்டை மாதிரி கவ்விக்கொள்ளும். அக்கா எனக்கு வைத்த பெயர் மாடல். நான் இங்கே மாறி வந்த ஏழெட்டு மாதமாக என் பேப்பரில் நெஞ்சுப் பக்கத்துக் கோடுகள் மேல் வரிசையை இடிக்கிற அளவுக்கு உயர்ந்தன. மேடாக வரவேண்டிய கடைசி அலை ஆழமான பள்ளமாகத் தொங்கியது. என் ராசி மெஷினுக்கே ஆகவில்லை என்று சொல்லி அக்கா பேப்பரைக் கசக்கிப் போடுவார். பிறகு வரும் நோயாளிகளுக்கு ஒழுங்காகத்தான் விழும். மெஷின் சூடாக நேரமாகிறது என்று முடிவுகட்டினோம். இரண்டு முறை ஒயரைக்கூட மாற்றியாயிற்று.

நாங்கள்தான் கை ஒயர்களை இடம் மாற்றி மாட்டியிருப்போம் என்றார் ரிப்பேர்காரர். கை ஒயர் மாறினால் நெஞ்சுக் கோடு எதற்குத் தலைகீழாகிறது என்று அக்கா கேட்டார். ரிப்பேர்காரர் தானே சட்டையைக் கழற்றிப் புது மெஷினில் படுத்தார். பாடப்புத்தகத்தில் போடலாம், அப்படி விழுந்தது.

"மாடல், நீ படு," என்றார் அக்கா.

படுத்தேன். பேப்பர் ஓடி நின்றது. அக்கா கிழித்தார். கசக்கவில்லை. இன்னொரு முறை ஓட்டினார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். முதல் பேப்பரில் ஏதாவது கண்ணில் பட்டால் படுத்திருப்பவரிடம் சொல்லமாட்டோம். கை அசைந்துவிட்டது, இன்னொரு தடவை எடுக்கலாம் என்போம். பத்து வருடத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அக்கா என்னிடம் அந்தப் பொய்யைக்கூடச் சொல்லவில்லை.

"அப்போ பழசுல ஒண்ணும் இல்ல," என்றார் ரிப்பேர்காரர் நிம்மதியாக. பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். சட்டையைத் தப்பான பொத்தானில் மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

டாக்டர் இரண்டு பேப்பரையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பேனா முனையால் தொட்டுக்கொண்டே போனார். இதயத் தசை தடித்திருக்கலாம், எக்கோ ஸ்கேன் எடுத்தால்தான் உறுதி என்றார். பள்ளத்தைவிட அவருக்குப் பிடிக்காதது வேறு ஒன்று. கூராக எழவேண்டிய முனை பிளந்து, ரம்பப் பல் மாதிரி இருந்தது. உள்ளே தழும்பு இருக்கலாம். தழும்பு இருந்தால் துடிப்பு தறிகெட்டு ஓட வாய்ப்பு அதிகம்.

"வீட்ல யாராவது திடீர்னு போயிருக்காங்களா?"

இல்லை என்றுதான் வாயில் வந்தது. அண்ணன் முப்பத்தொரு வயதில் ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தான். படியில் ஏறினான். விழுந்தான். வெயில் என்றார்கள். நாங்களும் வெயில் என்றே வைத்துக்கொண்டோம். வெயில் யாருக்கும் பரம்பரையாக வருவதில்லை.

சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்.

"ஒரு பொண்ணு சார். பதிமூணு வயசு." மீதியையும் சொன்னேன். "ஸ்கூல்ல ஓட்டப்பந்தயம் ஓடுறா."

"இனிமே ஓட வேண்டாம். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

என் நெஞ்சைப் பற்றி யோசிப்பது அத்தோடு நின்றுபோனது.

மறுநாள் மகள் பள்ளிச் சீருடையிலேயே வந்தாள். ஏன் ஓடக்கூடாது என்று வழியெல்லாம் கேட்டாள். மெஷின் புதுசு, சும்மா பார்க்கிறோம் என்றேன். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் மெதுவாக ஏறச் சொன்னேன். இரண்டிரண்டு படியாகத் தாவி, மேலே நின்றுகொண்டு என்னை நத்தை என்றாள். நான் அவள் கழுத்தில் துடிப்பதையே பார்த்துக்கொண்டு ஏறினேன்.

அறை வாசலில் அக்கா கையை நீட்டி என்னை நிறுத்தினார். பெண்களுக்கு எடுக்கும்போது ஆண்கள் உள்ளே வரக்கூடாது. எத்தனையோ அப்பாக்களை நானே அந்த பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறேன். உள்ளே பேப்பர் ஓடும் சத்தம் பெஞ்சுவரைக்கும் கேட்கும்.

"ஒரு தடவைதான் எடுக்கணும்க்கா," என்றேன்.

அக்கா மகளின் கையைப் பிடித்தார்.

"வலிக்குமாப்பா?" என்றாள் மகள்.

"சில்லுனு இருக்கும், அவ்வளவுதான். கையை மட்டும் அசைக்காதம்மா."

அக்கா கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.