அவித்த நண்டு வலையில் ஏறிய படம்

1

இந்தக் கதை ஓர் அவித்த நண்டிலிருந்து பிறந்தது. வங்காலைக் கோயில் முற்றத்தில் திரை கட்டி, எங்கள் ஊர் றெனால்ட் எடுத்த படத்தைக் காட்டினார்கள். வலையில் சிக்கிய நண்டைக் கழற்றும் மெசினைக் கண்டுபிடித்து ஒருவன் பெரிய ஆளாகிற கதை. ஒரே பாட்டுக்குள் மெசின் பிறந்து, வளர்ந்து, கப்பலேறி வெளிநாடும் போய்விட்டது. கதாநாயகன் கடல்மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டினான். அதற்கும் கைதட்டினோம். கடைசியில் அவன் நடுக்கடலில் வலையை இழுக்க, அதில் செக்கச்செவேலென்று நண்டுகள்! உயிர் நண்டுக்கு நடிகர் பயந்ததால் அவித்துக் கட்டியிருக்கிறார்கள்.

"கடல் கொதிச்சிட்டுதோ?" என்று கேட்டார் மீனவர் சங்கத் தலைவர் சிங்கராசா.

முற்றமே உருண்டு சிரித்தது. தண்ணீரில் ஓடும் மோட்டார் சைக்கிளை நம்புகிற சனம், உயிரோடு நீலமாக இருக்கிற நண்டின் நிறத்தில் மட்டும் ஏமாறாது. நானும் வயிறு நோகச் சிரித்தேன். பக்கத்திலிருந்த டிலோஜினி சிரிக்கவில்லை.

2

அவளை எப்படி அறிமுகப்படுத்துவது?

"விடிகாலைச் சூரியன் வங்காலைக் கடலில்..." (வேண்டாம். படமும் இப்படித்தான் தொடங்குகிறது.)

"வறுமையிலும் அவள் கண்களில் ஒரு கனவு..." (வெட்டிவிட்டேன். வாசித்தால் அடிப்பாள்.)

உள்ளதைச் சொல்கிறேன். டிலோஜினி கரையில் நண்டு கழற்றுகிறவள். முள் குத்திக் குத்திச் சுட்டுவிரல் பழுத்துவிட்டது. இன்னொரு தரம் பழுத்தால் விரலையே எடுக்க வேண்டி வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே பழுதான உடுப்புத் தோய்க்கும் மெசினின் மோட்டாரையும் பழைய செருப்பில் வெட்டிய றப்பர் விரல்களையும் பொருத்தி, உண்மையாகவே ஒரு மெசின் செய்திருக்கிறாள். றெனால்ட் அவளுடைய சித்தி மகன். அவளைப் பார்த்துத்தான் படம் எடுத்தான்.*

(* எடுக்கும்போது அவளை ஆணாக்கிவிட்டான். நடிகருக்கு ஒட்டிய மீசையும் சரியில்லை.)

3

சனிக்கிழமை சங்கத்தார் அவளுடைய மெசினைப் பார்க்க வருகிறார்கள். பிடித்தால் கரையில் இடமும் கரண்டும் தருவார்கள். பிடிக்காவிட்டால் மறுபடியும் விரல்தான். படத்துக்குப் பிறகு ஊரில் எதிர்ப்படுகிறவர்களெல்லாம், உன்னுடைய மெசின் அவித்தும் தருமா என்று கேட்கிறார்கள்.

எனக்குப் பாவமாக இருந்தது. இந்தக் கதையிலாவது அவள் வெல்லட்டும் என்று ஒரு முடிவு எழுதிக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அதில் நண்டுகள் ஒரு கால்கூட முறியாமல் வந்து விழ, சிங்கராசா கண்கலங்குகிறார். டிலோஜினி றப்பர் வெட்டியபடியே கேட்டாள்.

"இதுக்கும் றெனால்டின்ர படத்துக்கும் என்ன வித்தியாசம், அண்ணை? ஒரு காலையாவது முறியுங்கோ."

கால் போன நண்டுக்கு விலை குறையுமே என்றேன்.

"கையால கழட்டினாலும் முறியுந்தானே. ஒண்டையும் முறிக்காத மெசினை இந்த ஊரில ஆர் நம்புவினம்?"

4

முடிவு ஒன்று: ஒரு கால் முறிகிறது, எல்லோரும் நம்புகிறார்கள். (அவள் சொன்னதை அப்படியே களவெடுத்தது.)

முடிவு இரண்டு: கரண்ட் போய்விடுகிறது. (நடக்கக்கூடியது. அதனாலேயே பிடிக்கவில்லை.)

முடிவு மூன்று: அந்நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் அந்த வழியாக... (றெனால்ட், என் பேனையைத் திருப்பித் தா.)

சரி. சனிக்கிழமை. சங்கத்தார் கதிரைகளில் இருக்கிறார்கள். சிங்கராசா ஊரைச் சிரிக்கவைக்க ஒரு பகிடியை வாய்க்குள் தயாராக வைத்திருக்கிறார். டிலோஜினி துணி சுற்றிய விரலால் சுவிட்சைப் போடுகிறாள். றப்பர் விரல்கள் சுழல, வலை நகர்ந்து உள்ளே போகிறது. முதல் நண்டு

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அதில் அவளுடைய விரல் மாட்டியிருக்கிறது. வாசகரே, நீங்கள் முடித்துவையுங்கள். ஒரு கால் முறியட்டும், இரண்டென்றாலும் பரவாயில்லை. சிங்கராசாவும் ஒருதரம் சிரித்துவிட்டுப் போகட்டும். நண்டு மட்டும் நீலமாக, உயிரோடு, கடிக்கிற கோபத்தோடு வெளியே வரவேண்டும். றெனால்ட் கமராவோடு பக்கத்தில்தான் நிற்கிறான்; நீங்கள் முடிக்காவிட்டால் அவன் முடித்துவிடுவான்.