முட்டைக்கு எதைத் தொட்டுக்கொள்வது

மானுட குலம் கைவேலையை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுக் கேட்கவேண்டிய செய்தி இது. பொரித்த முட்டைக்குத் தொட்டுக்கொள்ளத் தக்காளி சாஸ் உகந்ததா, கடுகு சாஸ் உகந்ததா என்னும் கேள்வி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணி தொடங்கி பதினொன்று நாற்பத்திரண்டு வரை, தகுதி வாய்ந்த நிபுணர்கள் மூவரால், தனி அறையில், முறைப்படி விசாரிக்கப்பட்டது. விசாரணைக்கு ஆன செலவு: முட்டை ஆறு, பல் இரண்டு, மூக்கெலும்பு ஒன்று, நாக்கின் நுனியில் கொஞ்சம் சதை.

விசாரணை நடந்த இடம் ஒரு சாஸ் கம்பெனியின் ருசி அறை. கம்பெனி இரண்டே சரக்கு செய்தது. கீழ்த்தளத்தில் இடது பக்கம் தக்காளி லைன், வலது பக்கம் கடுகு லைன். ஒரு பெரிய ரொட்டிக் கம்பெனி காலைச் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றை விற்கப்போவதாகவும், அதில் பொரித்த முட்டை வைத்த சாண்ட்விச்சோடு ஒரு சாஸ் பொட்டலம் போடப்போவதாகவும் சொல்லியிருந்தது. ஒரே ஒரு பொட்டலம். நாளைக்கு நாற்பதாயிரம் பெட்டி. எந்த சாஸ் என்று செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் சொல்லிவிட வேண்டும். புதன்கிழமை பெட்டி கடைக்குப் போகிறது. தோற்ற சாஸின் லைனை மூடிவிட்டு, அந்த மெஷின்களையும் கழுவி ஜெயித்த சாஸுக்கே ஓட்டுவது என்று நிர்வாகம் முடிவு செய்து நோட்டீஸ் ஒட்டிவிட்டது.

தீர்ப்புச் சொல்ல மூன்று பேர். முதலாமவர் பெரிய நாக்கு. தலைமை ருசி அதிகாரி என்பது விசிட்டிங் கார்டில் இருந்த பெயர்; கம்பெனி தன் நாக்கை இன்ஷூர் செய்திருப்பதாக அவரே நான்கு பேரிடம் சொல்ல, நாற்பது பேர் வைத்த பெயர் இது. காபி குடிக்கும்போதுகூடக் கண்ணை மூடித் தலையைச் சாய்த்து, யாரோ உயில் வாசிப்பதைக் கேட்பவர்போல இருப்பார்.

இரண்டாமவன் கடுகு. பெரிய நாக்கின் தங்கை புருஷன். பத்து வருடம் முன்பு மச்சானின் சிபாரிசில் கடுகு லைனுக்கென்று எடுக்கப்பட்டவன். லைன் மூடினால் அவனுடைய நாற்காலியும் அதோடு போகும். வயது நாற்பத்தாறு. கடுகை நக்கிப் பார்த்துக் காரம் சொல்லும் வேலைக்கு வெளியே யாரும் ஆள் தேவை விளம்பரம் கொடுப்பதில்லை.

மூன்றாவது உப்பு அக்கா. எதற்கும் எதையும் தொட்டுக்கொள்ளாமல் உப்பு மட்டும் தூவிச் சாப்பிடுகிற அம்மாள். மற்ற இரண்டு ஓட்டும் எங்கே விழும் என்று கம்பெனி நாய்க்கும் தெரியும் என்பதால், நாற்பதாயிரம் பெட்டியும் அவரிடம்தான் இருந்தன.

மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் இது புதுச் சண்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தங்கை வீட்டில் சாப்பிட உட்காரும் பெரிய நாக்கு, முதல் வேலையாக மேஜையிலிருந்த கடுகு பாட்டிலை எடுத்துத் தரையில் வைப்பார்.

"மாப்ளே, நல்லா கேட்டுக்க. உருளைக்கிழங்கு வறுவலுக்குத் தக்காளி. மீனுக்கு வினிகர். ஆறிப்போன கறிக்கு வேணும்னா கடுகு, அதுவும் நாத்தம் தெரியாம இருக்க. முட்டைக்குத் தக்காளிதான் கட்டின பொண்டாட்டி. கடுகு கூத்தியா."

"அண்ணே, தங்கச்சி வீட்டுல உக்காந்து என்ன பேச்சு பேசுற?" என்று சமையலறையிலிருந்து கரண்டி சத்தத்தோடு குரல் வரும்.

"உங்க தக்காளி சாஸ்ல கால்வாசி சர்க்கரை, மச்சான். அதைத் தொட்டா முட்டை என்ன, செருப்பும் இனிக்கும்," என்பான் கடுகு. "முட்டை கொழகொழன்னு கிடக்கிற சாமான். அதுக்கு மூக்குல ஏறுற மாதிரி ஒண்ணு வேணும்."

போன ஞாயிறு அந்தப் பாட்டில் தரைக்குப் போகாமல் சுவருக்குப் போனது. கண்ணாடிச் சில்லு ஒன்று கடுகின் காதை உரசிக்கொண்டு போய் காலண்டரில் குத்தி நின்றது. "கை தவறிடுச்சு," என்றார் பெரிய நாக்கு. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அவனும் "பரவால்ல மச்சான்" என்றான். லைன் மூடும் நோட்டீஸ் அப்போது ஒட்டப்பட்டிருக்கவில்லை.

ருசி அறையைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அங்கே பேசக்கூடாது. மூன்று பிளைவுட் கூண்டுகள், ஆளுக்கொரு ஸ்டூல், தட்டு வைக்க ஒரு பலகை, ஒரு ஸ்டீல் முள்கரண்டி, வாய் கொப்பளிக்கத் தண்ணீர், துப்ப ஒரு ஸ்டீல் சொம்பு. எதிரே சின்ன ஜன்னல். அதைத் திறந்து வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு கைகள் தட்டு வைக்கும். அந்தக் கைகளுக்கு உரியவரை ஜன்னல்காரர் என்பார்கள். அடுத்தவர் முகம் பார்த்து மனசு மாறக்கூடாது என்பதற்காக இவ்வளவு ஏற்பாடு. இரண்டு, அங்கே சிவப்பு விளக்கு மட்டும் எரியும். நிறத்தைப் பார்த்து நாக்கு ஏமாறக்கூடாதாம். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு தெரியாது. வெள்ளையோடு வெள்ளையாகக் கரைந்துவிடும். தக்காளி சாஸும் பால் மாதிரிதான் கிடக்கும். மூவரும் அணிந்திருந்த வெள்ளைக் கோட்டு அந்த வெளிச்சத்தில் எது பட்டாலும் வெள்ளைக் கோட்டுத்தான்.

பதினொன்றரைக்கு முதல் தட்டு வந்தது. தட்டுக்கு ஒரு முட்டை, பாதிக்குத் தக்காளி, பாதிக்குக் கடுகு. இடக் கூண்டில் பெரிய நாக்கு, நடுவில் அக்கா, வலக் கூண்டில் கடுகு.

தக்காளிப் பாதியைத் தின்ற பெரிய நாக்கு, "ஆஹ்" என்றார். பேசக்கூடாது என்றுதான் விதி. ஆஹ் சொல்லக்கூடாது என்று எழுதப்படவில்லை. கடுகுப் பாதிக்கு வந்ததும் தொண்டையைக் காறினார். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மார்பில் தங்கி, மூக்கில் ஒரு சுற்று சுற்றி வந்த காறல். பிறகு சொம்பில் "த்தூ". அதோடு விட்டாரா? ஒரு "உவ்வே"யும் வைத்தார்.

நடுக் கூண்டில் காகிதத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்த அக்காவின் பேனா நின்றது.

அந்தப் பேனா நின்ற சத்தம் கடுகுக்குக் கேட்டது.

"மச்சான், துப்பியே ஓட்டுக் கேக்குறீங்க."

"யாருப்பா பேசுறது? இங்க பேசக்கூடாது."

"மெதுவா துப்புங்கன்னு சொல்றேன். என் பொழப்பு இதுல இருக்கு."

"நல்ல நாக்கு கெட்டதைத் துப்பும், மாப்ளே. உன் நாக்கு முழுங்கும். பத்து வருஷமா நான் போட்ட பிச்சையை முழுங்கிப் பழகின நாக்கு."

"ரெண்டு பேரும் முட்டையைத் தின்னுட்டு எழுதுங்களேன்," என்றார் அக்கா. "ஆறுது."

"பிச்சையா? வெளிய வாடா," என்றான் கடுகு.

முதலில் உடைந்தது மரியாதை. பல்லெல்லாம் பிறகு.

பெரிய நாக்கு வெளியே வரவில்லை. பதவியில் இருப்பவர்கள் வருவதில்லை. கடுகு போனான். அவன் கூண்டுக்குள் தலை நீட்டிய வேகத்தில் ஸ்டீல் சொம்பு நெற்றியில் விழுந்தது. உள்ளே இருந்ததெல்லாம் முகத்தில் வழிந்தது. கண்ணைத் துடைக்காமல் கைக்குக் கிடைத்த முள்கரண்டியை ஓங்கிக் குத்தினான். பலகையில் ஊன்றியிருந்த மச்சானின் இடக்கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் மெத்தென்ற சதையில் அது இறங்கி, அடியில் பிளைவுட்டையும் பிடித்துக்கொண்டது.

"அம்மா!" என்றார் தலைமை ருசி அதிகாரி.

"எங்க, இப்ப காறு பாப்போம்!"

கையை உருவ முடியாதவர் தலையை உபயோகித்தார். வாழ்க்கையில் அவர் தலையை உபயோகித்த சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று. நெற்றி மூக்கில் மோதியபோது, காய்ந்த ரொட்டியை இரண்டாக ஒடிக்கிற சத்தம் வந்தது. கடுகு பின்னால் சாய்ந்தான். சாயும்போது மச்சானின் கோட்டுக் காலரை விடவில்லை. பலகையிலிருந்து கரண்டியோடு கையும் பிய்த்துக்கொண்டு வர, இருவரும் நடுத் தடுப்பின் மேல் விழுந்தார்கள். தடுப்பு ஆணியோடு பெயர்ந்து அக்காவின் தோளில் சாய்ந்தது. அக்கா தட்டை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

சரியாக அந்த நேரம் ஜன்னல் திறந்தது. வெள்ளைக் கையுறைகள் மூன்று தட்டை வரிசையாக நீட்டின.

"முட்டை நம்பர் ரெண்டு," என்றது வெளிக்குரல். "பேச்சுச் சத்தம் கேக்குது. பேசினா தேர்வு செல்லாது." ஜன்னல் மூடியது.

கடுகு மச்சானின் பின்னந்தலையைப் பிடித்து அந்தச் சூடான முட்டையில் அழுத்தினான். மஞ்சள் கரு உடைந்து மூக்குத் துவாரத்தில் ஏறியது. "தின்னு! பொண்டாட்டியும் இருக்கா, கூத்தியாளும் இருக்கா, ரெண்டையும் தின்னு!" பெரிய நாக்கு மூச்சுத் திணறி, திமிறி நிமிர்ந்து, ஸ்டூலை ஒற்றைக் கையால் தூக்கிச் சுழற்றினார். ஸ்டூல் கால் கடுகின் வாயில் பட்டது. இரண்டு முன்பற்கள் தரையில் தெறித்து உருண்டு ஓடின.

நிபுணத்துவம் என்பது ரத்தத்தில் ஊறியது என்பார்கள். வாயில் நிறைந்ததைக் கடுகு நாக்கில் புரட்டிப் பார்த்தான். தொழில் பழக்கம். 'உப்பு கூடுதல். பின்னால் ஓர் இரும்பு வாடை,' என்று நினைத்தான். கோட்டைக் குனிந்து பார்த்தான், வெள்ளையாக இருந்தது. தரை ஈரமாக மின்னியது. தண்ணீர் கொட்டிவிட்டது என்று எண்ணினான். மச்சானின் கையையும் பார்த்தான். கரண்டி நட்டமாக நின்றது, கை என்னவோ சுத்தமாகத்தான் இருந்தது. பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை என்ற தைரியத்தில் இருவரும் இன்னும் பலமாக அடித்தார்கள். பேண்ட்டில் பிசுபிசுத்ததைத் தக்காளி என்று பெரிய நாக்கு நம்பினார். தன் தொடையைத் தானே முகர்ந்து, "நம்ம சரக்குடா! வாசனையே தனி!" என்று கத்தவும் செய்தார்.

அதுதான் அவர் தெளிவாக உச்சரித்த கடைசி வாக்கியம். கத்த வாய் திறந்திருந்தபோது கடுகின் முழங்கால் மோவாயைச் சந்தித்தது. பற்கள் மூடிக்கொண்டன. நடுவில் நாக்கு இருந்தது.

அந்த அலறலில் எழுத்தே இல்லை. ஆனாலும் அவர் விடவில்லை. கரண்டி நட்ட கையோடு மாப்பிள்ளையின் கழுத்தைப் பிடித்து, இடிந்த தடுப்பின் விளிம்பில் அவன் தலையை வைத்து இடித்தார். ஒரு தரம். இரண்டு தரம். மூன்றாவது தரம் கடுகின் கால்கள் உதறிக்கொள்வதை அக்கா பார்த்தார். மீன் பரிசோதனைக்காக அலமாரியில் இருந்த வினிகர் கேனை எடுத்தார், மூடியைத் திருகினார், இரண்டு முகத்திலும் பாரபட்சமில்லாமல் ஊற்றினார்.

கிழிந்த உதட்டிலும் பிளந்த நாக்கிலும் உடைந்த மூக்கிலும் வினிகர் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஆராய்ச்சிக் கட்டுரை தேவையில்லை. இருவரும் ஆளுக்கொரு மூலைக்குப் பாய்ந்து சுவரைப் பிறாண்டினார்கள்.

"போதும். வீட்டுல ஒருத்தி இருக்கா, ரெண்டு பேருக்கும் சேர்த்து அழணும்," என்றார் அக்கா.

ஜன்னல்காரர் மறுபடி திறந்தார். "முட்டை நம்பர்..." என்று தொடங்கியவர், தட்டு வைக்கப் பலகையே இல்லாததைக் கண்டு, சுவிட்சைத் தட்டினார். வெள்ளை விளக்கு எரிந்தது.

மூன்று கோட்டும் சிவப்பு. தரை சிவப்பு. சுவரில் கை கையாகச் சிவப்பு. கூரையில் ஒரு கோடு. பெரிய நாக்கின் கையிலிருந்து கரண்டி வழியாகச் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. கடுகு தன் மார்பைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான், "மச்சான், இதெல்லாம் நம்மளுதா?" என்று கேட்டுவிட்டு அப்படியே சரிந்தான்.

ஜன்னல்காரர் மயங்கி விழுவதற்கு முன் படிவத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'நிறத்தில் மாற்றம் காணப்படுகிறது.'

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் கொடுத்தார்கள். பெரிய நாக்குக்கு நாக்கில் ஐந்து தையல், கையில் ஒன்பது. ஒரு மாதம் பேசக்கூடாது என்றார் டாக்டர். செய்தி கேட்ட தக்காளி லைனில் சிலர் கைதட்டியதாகத் தகவல். கடுகுக்குத் தலையில் பதினான்கு தையல். மூக்கு ஒட்டும், ஆனால் வாசனை திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார்.

தங்கை வந்தாள். இந்தக் கட்டிலில் அண்ணன், அந்தக் கட்டிலில் புருஷன். இரண்டுக்கும் நடுவே ஸ்டூலைப் போட்டு, இருவருக்கும் முதுகு காட்டாமல் உட்கார முயன்று, முடியாமல் எழுந்து நின்றுகொண்டாள்.

"வேலை என்னாச்சுன்னு கேட்டியா?" என்றான் கடுகு, பல் இல்லாத வாயால். "அக்கா ஓட்டு எதுக்கு?"

"கேட்டேன். காகிதம் நனைஞ்சு போச்சாம், ஒரு எழுத்தும் தெரியலையாம். போன்ல அக்காகிட்டயே கேட்டேன். ரெண்டுலயும் டிக் போடல, உப்புன்னு எழுதினேன்னாங்க."

பக்கத்துக் கட்டிலிலிருந்து ஏதோ உறுமல் வந்தது. மொழிபெயர்க்க யாரும் முன்வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குள் கம்பெனியிலிருந்து பதில் போகவில்லை. ரொட்டிக் கம்பெனி காத்திருக்கவும் இல்லை. புதன்கிழமை காலை நாற்பதாயிரம் பெட்டியும் சாஸ் பொட்டலம் இல்லாமல் கடைக்குப் போயின.

யாரும் கேட்கவில்லை.