கேதீஸ் ஞாபகார்த்தக் கிண்ணம்

முத்துக்குமாருவுக்குப் பொய் சொல்ல வராது என்று இணுவிலில் ஒரு பெயர் இருந்தது. முப்பத்திரண்டு வருடம் தபால் கந்தோரில் இருந்தவர். யாருக்கு எந்த நாட்டிலிருந்து கடிதம் வந்தது என்பதைக் கட்டின மனைவியிடம்கூட வாய்தவறிச் சொல்லாதவர். அப்படிப்பட்ட மனிதர் அறுபத்தாறு வயதில் ஒரு பொய் சொன்னார். செத்தவீட்டுப் பந்தலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி, கையைப் பிடிக்க வந்த ஒவ்வொருவருக்கும் ஒரே பொய்யைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

"நெஞ்சுவருத்தம். படுத்த பிள்ளை எழும்பேல்லை."

கேதீஸ்வரன் அவருக்கு ஒரே பிள்ளை. கொழும்பில் ஒரு கொம்பனியில் நல்ல வேலையில் இருந்தான். கிரிக்கெட் ஆட்டங்களுக்குப் பந்தயம் கட்டும் 'சிக்ஸர்மழை' என்ற செயலிக்குள் போய் விழுந்து, வெளியே வர வழி தெரியாமல், வாடகை அறையில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். தனியே போய் உடலைப் பொறுப்பெடுத்தவர் முத்துக்குமாருதான். பொலிஸில் அவனுடைய போனையும் கையில் தந்தார்கள். அது அவர் கையிலேயே ஒருதரம் அதிர்ந்தது. 'கேதீஸ், இன்றிரவு ஆட்டம் இருக்கிறது. உங்களைக் காணவில்லையே!' என்று இருந்தது. விளம்பரம் எழுதியவனுக்குச் செத்தவன் இருப்பவன் என்ற கணக்கில்லை.

ஊருக்கு வரும் வழியில், வாகனத்தின் முன்சீற்றில் இருந்து, கிளிநொச்சி தாண்டுவதற்குள் அந்தப் பொய்யை அவர் முடிவு செய்துவிட்டார். சூதாடிச் செத்தவன் என்று பிள்ளையை ஊர் வாயில் போடக்கூடாது. அவ்வளவுதான் அவர் நினைத்தது. மனைவி இரத்தினம்மாவுக்கு மட்டும் உண்மையைச் சொல்லி, மூச்சு விடக்கூடாது என்றார். அவளும் விடவில்லை.

மகன் செத்த நாலாம் மாதம் றோஸ் ரீச்சர் வந்தார். அடுத்த ஒழுங்கையில் இருப்பவர், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவர். கையில் தாள்கள் கோத்த ஒரு கோவை. மைதானங்களிலும் பள்ளிக்கூட வாசல்களிலும் பந்தய விளம்பரம் வைக்க இடம் கொடுக்கக்கூடாது என்று பிரதேச சபைக்கு ஒரு மனு எழுதியிருந்தார்.

"சபையிலை ஒரு கேள்விதான் கேக்கினம், ஐயா. உந்தப் பந்தயத்தாலை பாதிக்கப்பட்ட குடும்பம் ஆராவது இருக்கோ, இருந்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டினம். உங்களுக்குத் தெரிஞ்ச ஆராவது..."

ரீச்சர் வசனத்தை முடிக்கவில்லை. சுவரில் தொங்கிய கேதீஸின் படத்தையும் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருந்ததிலேயே முத்துக்குமாருவுக்கு வியர்த்தது.

"எனக்கு உதுகளைப் பற்றி ஒண்டும் தெரியாது, ரீச்சர்."

ரீச்சர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார். அடுத்த மாதம் சபை கூடி, பாதிக்கப்பட்டவர் என்று ஒருவரும் முன்வரவில்லை என்று சொல்லி மனுவை ஒதுக்கி வைத்தது. அதற்கடுத்த கிழமை மைதான மூலையில் 'சிக்ஸர்மழை' பலகை எழும்பியது. பனை உயரத்தில் ஒருவன் மட்டையை வீசிக்கொண்டு சிரித்தான். காலடியில், கண்ணாடி போட்டாலும் வாசிக்கேலாத எழுத்தில், 'பொறுப்புடன் விளையாடுங்கள்' என்று இருந்தது. முத்துக்குமாரு அதற்குப் பிறகு கந்தசுவாமி கோவிலுக்குச் சுற்றுவழியால்தான் போனார்.

முதலாம் வருட ஆட்டைத் திவசத்துக்குக் கொஞ்சநாள் முந்தி, விளையாட்டுக் கழகச் செயலாளர் சுபாஸ்கரன் வந்தார். கடை, வீடு என்று இருக்கிற மனிதர். கழகத்தில் மட்டை பிடித்த காலம் போய் வருடக்கணக்கு. வாயெல்லாம் பல்லாக ஓர் அழைப்பிதழை நீட்டினார்.

"எங்கடை கழகத்திலை விளையாடின பிள்ளை, கேதீசின்ரை பேரிலை ஒரு சுற்றுப்போட்டி வைக்கிறம், ஐயா. நீங்கள்தான் கிண்ணம் குடுக்க வேணும்."

'அமரர் மு. கேதீஸ்வரன் ஞாபகார்த்தக் கிண்ணம்.' முத்துக்குமாருவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளையின் பெயரை ஊர் மறக்கவில்லை. அட்டையைத் தடவினார். பெருவிரல் கீழே வந்தபோது, அங்கே மட்டையை வீசிக்கொண்டு அதே ஆள் சிரித்தான்.

"உது என்னத்துக்கு?"

"அனுசரணை, ஐயா. பந்தல், மைக், சாப்பாடு எல்லாம் அவையள்தான்."

"வேண்டாம், தம்பி. செலவை நான் தாறன்."

"உங்களிட்டை வாங்கினால் ஊர் என்னைக் காறித் துப்பும்." சுபாஸ்கரன் கையெடுத்துக் கும்பிட்டார். "ஏன் ஐயா, அதிலை ஏதும் பிழை இருக்கோ?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. கேட்டவரும் நல்ல மனிதர். முத்துக்குமாரு அழைப்பிதழை மடித்து மடியில் வைத்தார்.

"பிழை ஒண்டும் இல்லை. சும்மா கேட்டனான்."

அடுப்படியில் நின்ற இரத்தினம்மாவுக்கு எல்லாம் கேட்டது. போட்டி நாளன்று அவர் வெள்ளை வேட்டியோடு வெளிக்கிட்டபோது அவள் சாமியறையை விட்டு அசையவில்லை.

"என்ரை பிள்ளையின்ரை படத்தையும் அவங்கடை படத்தையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பாக்க என்னாலை ஏலாது. பொய் சொன்னது நீங்கள். நீங்களே போய் நில்லுங்கோ."

அவர் போய் நின்றார். பந்தலில் மாலை போட்ட கேதீஸின் படம். அதற்குப் பின்னால் மஞ்சள் பதாகை. ஒவ்வோர் ஓவர் முடியவும் அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்தினார்: "கேதீஸ் அண்ணாவின் நினைவாக, உங்களுக்காக வழங்குவது சிக்ஸர்மழை!" பிள்ளையைக் கொன்றதன் பெயரும் பிள்ளையின் பெயரும் ஒரே மூச்சில் வந்தன. காதைப் பொத்தவும் முடியாது. பிரதம விருந்தினர் காதைப் பொத்துவது அழகில்லை. மாலை வரைக்கும் அந்தத் தகப்பன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கிண்ணம் கொடுத்தாயிற்று. அடுத்தது ஆட்டநாயகன். துவாரகன் என்ற இருபது வயதுப் பிள்ளை, இறுதியாட்டத்தில் வெளுத்து வாங்கியவன். முத்துக்குமாரு எத்தனையோ தரம் லீவுக்கு ஊருக்கு வந்த கேதீஸின் மோட்டார்சைக்கிளின் பின்னால் கண்ட முகம். மஞ்சள் ரீசேட் போட்ட கொம்பனி ஆள் ஒரு கதவளவு அட்டையைக் கொண்டுவந்து முத்துக்குமாருவின் கையில் வைத்தான். 'வாழ்த்துகள்! உங்கள் முதல் பத்துப் பந்தயங்களும் எங்கள் செலவில்!'

துவாரகன் மற்றப் பக்கத்தைப் பிடித்தான்.

"ஐயா, கமராவைப் பாருங்கோ. சிரியுங்கோ."

முத்துக்குமாரு அட்டையை விடவில்லை. பொடியன் மெல்ல இழுத்தான், அவர் இறுக்கிப் பிடித்தார். கூட்டத்தில் ஒரு சின்னச் சிரிப்பு எழும்பி அடங்கியது. பக்கத்தில் மைக் நின்றது. இப்போது வாயை மூடினால் அந்தப் பொய்யால் இன்னொரு பிள்ளையையும் அதே வழியில் அனுப்பிவைப்பதாகும் என்று அவருக்குத் தெரிந்தது.

"என்ரை மகனுக்கு நெஞ்சுவருத்தம் இல்லை."

மைதானம் அவரைப் பார்த்தது.

"அவன் உதிலை விளையாடித்தான் செத்தவன். தானே தன்ரை உயிரை எடுத்தவன். நான்தான் மறைச்சனான்."

சுபாஸ்கரன் கதிரையில் இருந்துவிட்டார். கொம்பனி ஆள் கமராவை நிற்பாட்டச் சொல்லிக் கமராக்காரனுக்குக் கையைக் காட்டினான். துவாரகன் அட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவருக்கு மட்டும் கேட்கச் சொன்னான்.

"எனக்குத் தெரியும், ஐயா."

"என்ன தெரியும்?"

"கேதீஸ் அண்ணைதான் சிக்ஸர்மழையை எங்கடை போனிலை போட்டுத் தந்தவர். ஒராளைச் சேர்த்தால் அவருக்கு ஏதோ போனஸ் விழும். எங்கடை ரீமிலை எல்லாரையும் சேர்த்தவர்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எங்களை ஏமாத்தேல்லை, ஐயா. எங்களுக்கு நல்லதெண்டுதான் நினைச்சவர். பேந்து ஒருநாள் போன் எடுத்து, எல்லாரும் உதை அழியுங்கோடா எண்டு அழுதவர்."

"எப்ப?"

"சாகிறதுக்கு முதல்நாள்."

சாகிற அன்றைக்கு முதல்நாள் மகனுக்குப் பேச ஆள் தேவைப்பட்டிருக்கிறது. இந்தப் பொடியன்களைக் கூப்பிட்டிருக்கிறான். அப்பாவைக் கூப்பிடவில்லை. பிழை விட்டவன் வந்து நிற்கக்கூடிய அப்பாவாக அவர் ஒருநாளும் இருந்ததில்லை. பலகையைக் கண்டு இத்தனை மாதமாகச் சுற்றுவழியால் நடந்திருக்கிறார். இந்தப் பிள்ளைகளுக்குப் பலகையே தேவைப்படவில்லை. அவர்களுக்கு விளம்பரம் அவருடைய பிள்ளைதான். அவருக்கு நின்ற இடத்திலேயே குழறி அழவேண்டும் போல இருந்தது.

"நீங்கள் அழிச்சியளோ?"

துவாரகன் புல்லைப் பார்த்தான். பின்னால் வரிசையில் நின்ற பொடியன்களும் புல்லைப் பார்த்தார்கள்.

"ஏன் ஒருத்தரும் வந்து சொல்லேல்லை?"

"சொன்னால் எங்கடை கதையும் வெளியிலை வருமே, ஐயா."

அவனை ஏச அவருக்கு வாய் வரவில்லை. அதே பயத்தோடுதான் அவரும் கிளிநொச்சி தாண்டி வந்தவர். அட்டையை அப்படியே புல்லில் விட்டுவிட்டு அவனுடைய கையைப் பிடித்தார். "வா" என்றார். அவனும் வந்தான்.

றோஸ் ரீச்சர் வாசலில் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். மைக் சத்தம் அங்கேயும் கேட்டிருக்கவேண்டும். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்ப் பழைய கோவையை எடுத்து வந்து மேசையில் விரித்தார். பாதிக்கப்பட்டவர்களின் பெயருக்கு விட்ட இடம் வெள்ளையாகக் கிடந்தது.

முத்துக்குமாரு தபால் கந்தோர்க் கையெழுத்தில், முத்து முத்தாக, மகனின் பெயரை எழுதினார். எப்படிச் செத்தான் என்று எழுதினார். பிறகு நிமிர்ந்தார்.

"கழகத்துப் பிள்ளையளை இதுக்குள்ளை இழுத்தவனும் அவன்தான், ரீச்சர். அதையும் எழுத வேணுமோ?"

"அது உங்கடை விருப்பம், ஐயா. எழுதினால், பலகையை மட்டும் கழட்டினால் போதாது எண்டு சபைக்கு விளங்கும்."

அவர் பேனாவைத் திரும்பத் தாளில் வைத்தார். எழுதி முடித்ததும் மை காயும்வரை அந்தப் பெயரின்மேல் கையை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளைத் துவாரகன் பக்கம் தள்ளிப் பேனாவைக் கொடுத்தார்.

துவாரகன் பேனாவை வாங்கினான்.

"இது எங்கடை அம்மாவுக்குத் தெரியவருமோ, ரீச்சர்?"

"ஓம் தம்பி. சபையிலை எல்லாருக்கும் முன்னாலை வாசிப்பினம்."

அவன் பேனாவைப் பிடித்தபடி, கேதீஸின் பெயருக்குக் கீழே வெள்ளையாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே இருட்டத் தொடங்கியது. ரீச்சர் எழும்பி லைற்றைப் போட்டார். முத்துக்குமாரு அவனை அவசரப்படுத்தவில்லை. அவருக்கு அதற்கு ஒரு வருடம் எடுத்திருந்தது.