இருநூற்று ஏழு

முனைவர் பட்ட ஆய்வின் ஆறாம் ஆண்டில் எனக்கு ஓர் எலும்பு கூடுதலாக முளைத்தது. இடது காதுக்குப் பின்னால், மொச்சைக்கொட்டை அளவில். வலி இல்லை. எங்கள் உடற்கூறியல் துறையில் ஆண்டுக்கொரு முறை எல்லோருக்கும் எலும்பு எண்ணுவார்கள். எல்லோருக்கும் இருநூற்று ஆறு; எனக்கு இருநூற்று ஏழு வந்தது.

வழிகாட்டி மரகதம் மேடம் எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு பிரிசில்லா. ஆனா நீ இனிமே எங்க இனம் இல்லம்மா. ஆபீஸ்ல சொல்லிடு."

அலுவலகம் அதே மாடிதான். நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. வழியில் இரண்டு முறை உட்கார்ந்து சாப்பிட்டேன்.

எழுத்தர் தேவசகாயம் படிவம் கொடுத்தார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க, சொந்த இனத்தவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும்.

"என் இனத்துல வேற யாரும் இல்ல சார்."

"தேடிப் பாத்தீங்களா?"

"எங்க தேடுறது?"

"அதானேம்மா உங்க ஆராய்ச்சி."

தேடினேன். பேருந்தில் முன் இருக்கைக்காரர்களின் காதுகளுக்குப் பின்னால் பார்த்தேன். ஒரு பெண் திரும்பி முறைத்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தாள். விடுதி மெஸ்ஸில் எனக்குத் தனி மேசை போட்டார்கள். மரியாதைக் குறைவு எதுவுமில்லை. சாம்பார் முதலில் எனக்குத்தான் வந்தது. பேசத்தான் யாரும் வரவில்லை.

சாட்சிக் கையெழுத்துப் போட நாகர்கோவிலிலிருந்து அக்கா வந்தாள். தேவசகாயம் அவளுக்கும் எண்ணினார். இருநூற்று ஆறு.

"நான் இவளுக்க கூடப்பொறந்தவ," என்றாள் அக்கா.

"இருக்கலாம்மா. அது வேற செக்‌ஷன்."

அக்கா என் காதுக்குப் பின்னால் தடவினாள். "வலிக்கா மக்ளே?"

"இல்லக்கா."

பிறகு தன் காதுக்குப் பின்னாலும் அழுத்திப் பார்த்தாள். வெகுநேரம் அழுத்தினாள். அந்த இடம் சிவந்துபோனது. ஒன்றும் இல்லை.

சாட்சியின் இடத்தில் நானே இடது கையால் கையெழுத்திட்டேன். தேவசகாயம் இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே சாயல்," என்று சொல்லி முத்திரை குத்தினார்.

பட்டமளிப்பு விழாவில் இனவாரியாக வரிசை. என் வரிசையில் நான் மட்டும். பெயரை அழைத்ததும் மேடையேறிப் பட்டத்தை வாங்கினேன். அரங்கம் அமைதியாக இருந்தது. கடைசி வரிசையில் அக்கா கை தட்ட எழுந்தாள். பக்கத்தில் இருந்தவர் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"அவங்க ஆளுங்கதாங்க தட்டணும்."

எல்லோரும் காத்திருந்தார்கள். பட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நானே தட்டினேன்.